நாடகாசிரியனும் ஒத்திகைக் களமும்

நாடக நூல்களை ஆராயப் புகும் நாம் பெரும்பாலும் அச்சேறிய ஏட்டிலிருந்தே தொடங்குகின்றோம். அந்நூல் அச்சேறுவதற்கு முன் எத்தனை முறை எழுதப்பெற்றது, எவர் படிக்கக் கேட்டார், எக்காட்சி நடிகர் வாயில் நுழையாமையால் நீக்கப்பெற்றது, எச்சொல் ஒத்திகையின்போது பிறந்தது என்னும் வினாக்கள் நம் ஆராய்ச்சியில் எழுவதில்லை. காப்பியத்திற்கு இம்முறை பொருந்தலாம். தனியொருவன் தன் அறையில் அமர்ந்து எழுதும் நாவலுக்கும் பொருந்தலாம். நாடகத்திற்குப் பொருந்தாது. எழுதுவோன் கையினின்று நெறிப்படுத்துவோன் கைக்கும், அவன் கையினின்று நடிப்போர் உடம்பிற்கும் சென்று, சென்ற இடமெல்லாம் உருமாறிய பின்னரே நாடகம் நாடகம் ஆகின்றது. ஆதலின் ஒரு மொழியில் நல்ல நாடகங்கள் தோன்றினவா என்று வினவுமுன், எழுதுவோனும் நெறியாளனும் ஒரு வரைவினை இடையே வைத்துக்கொண்டு நெடுநாள் உழைத்தற்கு அம்மொழியினர் இடம் அமைத்தனரா என்று வினவுதல் வேண்டும்.

அத்தகைய இடத்தைத் திட்டமிட்டு அமைக்கும் முயற்சிகள் பிற நாடுகளில் நெடுநாளாக நடைபெற்று வருகின்றன. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்ஃபோர்டு என்னும் ஊரில் 1964-இல் நிறுவப்பெற்ற யூஜீன் ஓநீல் நாடக மையம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு எழுத்தாளன் முற்றுப்பெற்ற நூலோடு வருவதில்லை. முற்றுப்பெறாத வரைவோடு வருகின்றான். நடிகர் அதனைக் கையில் ஏந்திப் படித்து நடிப்பர். எழுத்தாளன் கேட்டுத் திருத்துவான், மீண்டும் படிப்பர். ஆகஸ்ட் வில்சன் 1982-இல் தம் ‘மா ரெய்னியின் பிளாக் பாட்டம்’ என்னும் நாடகத்தோடு அங்குச் சென்று, லாய்டு ரிச்சர்ட்ஸ் என்னும் நெறியாளரின் வழிகாட்டலைப் பெற்றார். அவ்விருவரின் கூட்டு உழைப்பு அதன்பின் பல நாடகங்கட்குத் தாயாயிற்று. இந்தியாவிலும் மும்பையில் ரேஜ் என்னும் குழுவினர் இலண்டன் ராயல் கோர்ட் அரங்கத்துடன் இணைந்து இளம் நாடகாசிரியர்க்கு இவ்வகைப் பயிற்சி அளித்துள்ளனர்.

இதனைக் கண்டு, ‘தமிழர்க்கு இஃது அறவே புதிது’ என்பாரும் உளர். ‘எல்லாம் நம்மிடம் பண்டே இருந்தன’ என்பாரும் உளர். பின்னவர் எத்துறையிலும் உளர். அவரோடு வழக்காடுதல் வீண். இரண்டும் உண்மை அல்ல என்பதே நம் கருத்து. எழுத்தும் ஒத்திகையும் கூடி வாழ்ந்த காலம் தமிழில் உண்டு; அது நெடிது நிலைக்கவில்லை. எங்குக் கூடின, எங்குப் பிரிந்தன என்பதைச் சென்னையின் தென்புறத்து ஊர்களாகிய பம்மல், பல்லாவரம், தாம்பரம், ஈஞ்சம்பாக்கம், தரமணி, ஊரப்பாக்கம் ஆகியவற்றோடு தொடர்புடைய சிலரை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம். இவ்வெல்லை நம் வசதிக்காக வகுத்துக்கொண்டதே. ஆயினும் தமிழ் நாடக வரலாற்றின் முதன்மையான முடிச்சுகள் பல இச்சிறு நிலப்பரப்பில் விழுந்துள்ளமை வியப்பிற்குரியது.

தாம்பரத்தை நினைக்குங்கால் கிறித்தவக் கல்லூரி நினைவிற்கு வரும். அக்கல்லூரி 1937-இல்தான் நகரினின்று தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. அது நகரில் இருந்த நாளில் அங்குத் தமிழாசிரியராய் விளங்கிய பரிதிமாற்கலைஞர் 1897-இல் ‘நாடகவியல்’ என்னும் இலக்கணத்தைச் செய்யுளால் இயற்றினார். அவர் வெறும் இலக்கண ஆசிரியர் அல்லர். ‘ரூபாவதி’, ‘கலாவதி’, ‘மானவிசயம்’ என நாடகங்களும் எழுதினார். அதே கல்லூரியில் 1898 முதல் 1911 வரை பணியாற்றிய மறைமலையடிகள் சாகுந்தலத்தைத் தமிழாக்கினார். பின்னர்ப் பல்லாவரத்தில் வாழ்ந்த காலத்தில் ‘சாகுந்தல நாடக ஆராய்ச்சி’ என்னும் நூலையும் வெளியிட்டார். இவ்விருவரும் நாடகத்தைப் பல்கலைக்கழகத்து வாயிலுக்குக் கொணர்ந்த பெருமைக்கு உரியர். அப்பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆயினும் ‘மானவிசயம்’ படிப்பார்க்கு ஒன்று விளங்கும். கணைக்கால் இரும்பொறையின் மானவுணர்ச்சி அந்நூலில் செய்யுளாக நிற்கின்றது. மேடையில் நிற்கும் உடம்பாகவில்லை. உரையாடல் யாப்பிற்கு அடங்குகின்றது. எதிரே நிற்பவனின் முகத்திற்கு விடையாக எழவில்லை. முப்பத்துமூன்றாம் அகவையில், 1903-இல், பரிதிமாற்கலைஞர் மறைந்தார். இன்னும் வாழ்ந்து, தம் நாடகங்களை நடிப்போரிடம் பன்முறை ஒப்படைத்துப் பார்த்திருப்பாராயின் அவர்தம் இலக்கணமே மாறியிருக்கக்கூடும். அது நிகழவில்லை. நிகழ்ந்தது யாதெனில், நாடக இலக்கணம் பாடநூலாயிற்று. நாடகப் பயிற்சி கல்லூரிக்கு வெளியே நின்றது.

வெளியே நின்ற பயிற்சி எத்தகையது? தொழில்முறைக் குழுக்களில் வழிகாட்டி ‘வாத்தியார்’ எனப்பட்டார். சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) அம்மரபின் தலைமகனார். சிறுவர்க்குப் பாட்டும் வசனமும் பயிற்றியவரும் அவரே, எழுதியவரும் அவரே, நெறிப்படுத்தியவரும் அவரே. 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்ற அவ்வை தி. க. சண்முகம், ‘அபிமன்யு சுந்தரி’யைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று பதிவு செய்துள்ளார். இச்செய்தியை வியப்போடு எடுத்துரைப்பதே நம்மவர் வழக்கம். நாம் அதனை வேறுவகையாகவும் நோக்கலாம். ஒரே இரவில் எழுத முடிந்தமைக்குக் காரணம் புலமை மட்டும் அன்று. எந்தச் சிறுவனுக்கு எந்தக் குரல், எவன் எவ்வளவு நேரம் மேடையில் நிற்பான், எவன் அழுதால் அவையோர் அழுவர் என்பனவெல்லாம் எழுதுவோன் உள்ளத்தில் முன்பே படிந்திருந்தமையும் காரணம். ஆனால் ஒரே இரவில் எழுத வேண்டிய தேவை ஏன் வந்தது? குழுவின் வயிறு காத்திருக்கவில்லை. திருத்தி எழுதுதற்குக் காலம் இல்லாத இடத்தில் மாணவ நடிகன் உருவாகலாம். மாணவ நாடகாசிரியன் உருவாதல் அரிது. சுவாமிகளின் மாணாக்கருள் நடிகர் எத்துணையர், அவரை ஒத்த நாடகாசிரியர் எத்துணையர் என்று எண்ணிப் பார்ப்பார்க்கு இது புலனாகும்.

இனிப் பம்மலுக்கு வருவோம். 2021-இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியுள் இன்று அடங்கியிருக்கும் அவ்வூரின் பெயரைத் தம் பெயர்முன் தாங்கிய சம்பந்த முதலியார் (1873–1964), தமிழ் நாடகத்தந்தை என்று போற்றப்படுபவர். அப்பட்டம் அவரை நாம் படியாமல் இருத்தற்கு ஒரு காரணமாய் அமைந்துவிட்டதோ என ஐயுறுகின்றோம். தந்தை என்று வணங்கிவிட்டால் அவர் எழுதியதைத் திறந்து பார்க்க வேண்டுவது இல்லை அன்றோ? அவர் 1930-களில் ஆறு பாகங்களாக வெளியிட்ட ‘நாடகமேடை நினைவுகள்’ வெறும் வாழ்க்கை நினைவு அன்று. ஒரு நாடகாசிரியன் எவ்வாறு உருவானான் என்பதற்குத் தமிழில் உள்ள முழுமையான சான்று அதுவே எனத் துணிந்து கூறலாம்.

அந்நூல் கூறும் வரலாற்றின் தொடக்கமே கருதத்தக்கது. இளமையில் சம்பந்தனார்க்குத் தமிழ் நாடகத்தின்மேல் பற்று இல்லை, இகழ்ச்சியே இருந்தது. பல்லாரியினின்று சென்னைக்கு வந்த சரச விநோதினி சபையாரின் தெலுங்கு நாடகம் அவர் உள்ளத்தைத் திருப்பிற்று. அக்குழுவின் தலைவராகிய கிருஷ்ணமாசார்லு வழக்கறிஞர். தாமே எழுதித் தாமே முதன்மைப் பாத்திரம் தாங்கியவர். கற்றோர் நாடகம் ஆடலாம் என்பதும், எழுதுவோன் மேடையில் நிற்கலாம் என்பதும் பதினெட்டு அகவை இளைஞர்க்கு ஒருங்கே விளங்கின. 1891 சூலை முதல் நாள் சுகுண விலாச சபை பிறந்தது. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ அச்சேறியதும் அதே ஆண்டு. ஒன்று படிக்கும் நாடகத்தின் முடி. மற்றொன்று நடிக்கும் நாடகத்தின் அடி. இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே பிறந்தன.

சபை அளித்த பேறு யாது? காலம். அதன் உறுப்பினர் பகற்பொழுதில் வேறு தொழில் பார்த்து உண்டவர். நாடகம் ஒரு திங்கள் தாமதித்தால் பட்டினி கிடப்பவர் அல்லர். ஆகவே எழுதலாம், படித்துக் காட்டலாம், ஒத்திகை பார்க்கலாம், மாற்றலாம். சம்பந்தனார் இன்ன பாத்திரத்தை இன்னார் தாங்குவார் என்று கருதியே எழுதினார். பெண் வேடத்திற் சிறந்த ரங்கவடிவேலு என்னும் நண்பர் உடன் நடித்தமையால் அவர்தம் நாடகத் தலைவியர் பெற்ற உயிர்ப்பினை நினைவு நூலின் பல பக்கங்கள் காட்டுகின்றன. பாட்டு மிகுந்த பழைய முறையை விட்டு, உரைநடையாற் பேசும் நாடகத்தை அவர் நிலைநாட்டியதும் இதன் பயனே. பேச்சு வழக்கிற்கு அணித்தான வசனத்தை அறைக்குள் அமர்ந்து எழுதிவிடல் இயலாது. ஒருவன் பேச, மற்றொருவன் கேட்க, கேட்பவன் முகம் மாறுவதைக் கண்டு எழுத வேண்டும். ‘மனோகரா’வில் தாய் சொல்லுக்குக் கட்டுண்டு நிற்கும் மகனின் நிலை, சொல்லைவிட அடக்கத்தால் விளங்குவது. சங்கிலியாற் பிணிப்புண்டு நிற்பவன் எவ்வளவு பேசலாம், எவ்விடத்தில் வாய் மூடவேண்டும் என்பதை, அப்பாத்திரத்தைத் தாமே தாங்கியவர் அறிந்தவாறு பிறர் அறிதல் அரிது. 1954-இல் வெளிவந்த திரைப்படத்தின் வாயிலாக மட்டும் ‘மனோகரா’வை அறிந்தவர், சொற்பெருக்கே அந்நாடகத்தின் இயல்பு என்று எண்ணுவர். மூல நாடகத்தை எடுத்துப் படித்தால் வேறுபாடு விளங்கும். திரைப்பட வசனத்தின் ஆற்றலை மறுத்தற்கு இதனைக் கூறவில்லை; அது வேறு கலைக்கு, வேறு காலத்திற்கு எழுதப்பெற்றது.

சம்பந்தனாரின் வழிகாட்டல் சபையின் எல்லையோடு நின்றதா என்பது அடுத்த வினா. நிற்கவில்லை. அவர்தம் உரைநடை நாடகங்களைச் சிறுவர் குழுக்களுக்குக் கொண்டு சென்று பயிற்றியவர் எம். கந்தசாமி முதலியார். 1911-இல் சபையார் இலங்கைக்குச் சென்று ஆடிய நாடகங்களின் தாக்கத்தால் கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்தனாரைத் தம் ஆசானாகக் கொண்டு, இலங்கை சுபோத விலாச சபையின் வாயிலாக ஈழத்து மேடையில் நெடுங்காலம் உழைத்தார். இவையெல்லாம் பெருமைக்குரியன. எனினும் ஒரு குறையைச் சுட்டாது செல்லுதல் திறனாய்வு ஆகாது. சுகுண விலாச சபை சத்தியமூர்த்தி முதலிய பெருமக்கள் உறுப்பினராய் இருந்து நடித்த அவை. ஆங்கிலம் கற்றோர், வழக்கறிஞர், அலுவலர் ஆகியோர்க்கே அதன் கதவு எளிதில் திறந்தது. பெண்களுக்கு மேடையில் இடம் இல்லை. காலம் என்னும் செல்வம் யாரிடம் இருந்ததோ அவரிடமே நாடகம் எழுதும் பயிற்சியும் இருந்தது. சபையினின்று சம்பந்தனாரை ஒத்த இரண்டாம் நாடகாசிரியர் தோன்றாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ எழுபதாண்டுக் காலத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை ஒருவரே எழுதி வழங்கிய இடத்தில், இளையவன் ஒருவனின் குறைபட்ட முதல் வரைவினை எடுத்து ஒத்திகை பார்க்க எவர்க்குத் தேவை இருந்திருக்கும்? பெருமரத்தின் நிழல் குளிர்ச்சியானது. அதன் கீழ்ப் பயிர் விளைவது வேறு செய்தி.

‘பட்டறை’ என்னும் சொல் தமிழ் நாடகத்துள் புகுந்தது 1970-களின் பிற்பகுதியில். 1977-இல் காந்திகிராமத்தில் தேசிய நாடகப்பள்ளியின் தொடர்போடு எழுபது நாள் பயிற்சி ஒன்று நடைபெற்றது, சே. இராமானுசம் அதில் முன்னின்று உழைத்தார். அதே ஆண்டில் சென்னையில் ந. முத்துசாமி முதலியோர் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தனர். அடுத்த ஆண்டில் ஞாநியின் பரீக்ஷாவும், மதுரையில் மு. இராமசுவாமியின் நிஜ நாடக இயக்கமும் தோன்றின. 1980-இல் சென்னையின் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டல ஓவியர் கிராமத்தில், வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் (1925–2011) ஒரு பட்டறை நடத்தினார். ஓவியர்கள் தம் உழைப்பால் அமைத்துக்கொண்ட அக்கடற்கரைக் குடியிருப்பில், மேடையும் திரையும் ஒளிவிளக்கும் இன்றி மனித உடம்பை மட்டும் கொண்டு நாடகம் அமையும் என்பதைத் தமிழ் இளைஞர் கற்றனர். பின்னர் எழுந்த தெருநாடக முயற்சிகட்கு அப்பட்டறை அளித்த ஊக்கத்தை அதில் பங்கு கொண்டோர் பலகாலும் நினைவு கூர்ந்துள்ளனர்.

இங்கு ஒரு நுட்பத்தை நாம் தவறவிட்டோம் என்பதே நம் குற்றச்சாட்டு. சர்க்கார் முதற்கண் எழுத்தாளர். ‘ஏவம் இந்திரஜித்’ என்னும் நாடகத்தால் இந்திய மொழிகள் பலவற்றிலும் அறியப்பட்டவர். மூன்றாம் அரங்கிற்கு வந்த பின்னும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. ‘போமா’ என்னும் நாடகம் அவர்தம் சதாப்தி குழுவினர் கண்டும் கேட்டும் கலந்துரையாடியும் தொகுத்த செய்திகளினின்று எழுந்தது. சுந்தரவனக் காட்டுப் புறத்தில் மரம் வெட்டும் ஏழை ஒருவன் பெயரைத் தாங்கியது. குழு தொகுத்தது, சர்க்கார் எழுதினார். அவரிடம் பட்டறை என்பது எழுத்தின் கருவறை. தமிழ்நாட்டில் நாம் அவரிடமிருந்து உடற்பயிற்சியையும், ஒருவரையொருவர் நம்பும் விளையாட்டுகளையும், திறந்த வெளியையும் பெற்றுக்கொண்டோம். எழுத்தாளனைப் பட்டறைக்குள் அமர்த்தும் முறையைப் பெற்றுக்கொள்ளவில்லை. உடம்பு சொல்லினும் உயர்ந்தது என்னும் கொள்கை, சொல் வேண்டுவதில்லை என்னும் சோம்பலாகச் சிலரிடம் இழிந்தது.

இதன் விளைவினை மேடையிலேயே காணலாம். இக்காலத்து நெறியாளரின் தலைசிறந்த படைப்புகள் எனப் போற்றப்படுவனவற்றுள் மு. இராமசுவாமியின் ‘துர்க்கிர அவலம்’ சோபக்ளிசின் ‘அந்திகொனி’யினின்று வந்தது; இராமானுசத்தின் ‘வெறியாட்டம்’ யூரிபிடிசின் ‘டிரோய் நாட்டுப் பெண்டிர்’ என்னும் நாடகத்தினின்று வந்தது. தஞ்சை வட்டார ஒப்பாரியைக் கிரேக்க அவலத்தோடு இணைத்த ‘வெறியாட்டம்’ தமிழ் மேடையின் அரிய பேறு என்பதில் ஐயம் இல்லை. ஆனால் கைதேர்ந்த நெறியாளர் இருவரும் தம் ஆற்றலின் உச்சத்தில் ஏதென்சு நகரத்தை ஏன் நாடினர்? அவர்தம் ஆற்றலுக்கு ஈடுகொடுக்கும் புதிய தமிழ் நாடகம், அவர்கள் அருகில் இருந்து உருவாகி வரவில்லை என்பதே விடை. அதே காலத்தில் இந்திரா பார்த்தசாரதி ‘ஔரங்கசீப்’, ‘நந்தன் கதை’ முதலியவற்றை எழுதினார். அவை ஒரு குழுவின் ஒத்திகைக்குள் முளைத்தவை அல்ல. முற்றுப்பெற்ற நூல்களாய்க் குழுக்களின் கைக்கு வந்தவை. நெறியாளன் ஓரிடத்தில், எழுத்தாளன் வேறிடத்தில், இடையே அஞ்சல்.

கூத்துப்பட்டறை இதற்கு விலக்கு அன்றோ எனின், ஓரளவு விலக்கே. முத்துசாமி (1936–2018) எழுத்தாளராய்த் தொடங்கியவர். ‘காலம் காலமாக’, ‘நாற்காலிக்காரர்’ போன்ற தொடக்க நாடகங்களில் சொல் சொல்லோடு விளையாடுகின்றது. நிற்போரின் உடம்பிற்கு வேலை குறைவு. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தோடும் தம் நடிகரோடும் பழகியதன் பின் எழுந்த நாடகங்களில் எழுத்தின் நடையே மாறியுள்ளது. வழிகாட்டல் என்பது மூத்த எழுத்தாளன் இளையவனுக்குச் சொல்லித் தருவது மட்டும் அன்று. கூத்தர் ஒருவர் எழுத்தாளர்க்கு ஆசானாதலும் கூடும் என்பதற்கு இது சான்று. எனினும் அப்பட்டறை வார்த்த நடிகரை எண்ணினால் விரல்கள் போதா. நாடகாசிரியரை எண்ணினால் விரல்கள் மிஞ்சும்.

எழுத்தும் நெறியாள்கையும் மீண்டும் கைகோத்த இடம் ஒன்றைத் தென்சென்னையிலேயே காண்கின்றோம். தரமணியில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்து 1990-களில் இயங்கிய ‘வாய்சிங் சைலன்ஸ்’ என்னும் பெண்கள் அரங்க முயற்சிக்கு அ. மங்கை நெறியாளராய் விளங்கினார். கவிஞர் இன்குலாப் (1944–2016) அவர்தம் நெறியாள்கைக்கென ‘ஔவை’ நாடகத்தை எழுதினார். அது 1998-இல் மேடை கண்டது. இன்குலாப் தமிழ்ப் பேராசிரியராய்ப் பணியாற்றியவர். பிற்காலத்தில் தாம்பரத்திற்கு அப்பால் ஊரப்பாக்கத்தில் வாழ்ந்தவர். புறநானூற்றை வகுப்பில் நடத்திய கை, மேடைக்கென அதனை மீண்டும் எழுதிற்று.

இந்நாடகத்தின் சிறப்பு யாது? 1953-இல் வெளிவந்த திரைப்படமும் பாடநூல்களும் நம் மனத்தில் பதித்த ஔவை, கோலூன்றி நீதி கூறும் மூதாட்டி. சங்கச் செய்யுள் ஐம்பத்தொன்பதின் ஆசிரியையாகிய ஔவையோ அதியமானோடு கள்ளுண்டு மகிழ்ந்தவள். தொண்டைமானிடம் தூது சென்று அவன் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வாள் போல் இகழ்ந்தவள். நண்பன் மறைந்தபோது கையறுநிலை பாடியவள். இவ்வேறுபாட்டை ஆராய்ச்சியாளர் பலர் முன்னரே எடுத்துக் காட்டியுள்ளனர். கட்டுரையில் அது ஒரு செய்தி. மேடையில் இளமையும் துணிவும் உடைய பெண்ணொருத்தி ‘யான் ஔவை’ என்று வந்து நிற்கும்போது, அவையோர் தம் மனத்தில் உள்ள மூதாட்டியை அக்கணமே களைந்தெறிய வேண்டியவராகின்றனர். அக்கணம் நெறியாளரின் தேவையினின்று பிறந்தது. அதற்குரிய சொல் கவிஞரின் புலமையினின்று பிறந்தது. ஒருவர் இன்றி மற்றவரால் அது கூடியிராது. ‘ஔவை’யில் குறை இல்லை என்று கூற மாட்டோம். கவிஞரின் குரல் சிற்சில இடங்களில் பாத்திரத்தின் குரலை மீறி ஒலிக்கின்றது. கருத்தை வெளிப்படையாக அறிவித்துவிடும் ஆர்வம் காட்சியின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றது. ஆனால் இன்குலாப் அதனோடு நிற்கவில்லை. ‘மணிமேகலை’, ‘குறிஞ்சிப்பாட்டு’ எனத் தொடர்ந்தார். ஒரு நாடகத்தோடு ஓய்ந்துவிடும் கவிஞர் நிறைந்த நாட்டில் இத்தொடர்ச்சி சிறிதன்று. காத்திருக்கும் குழு ஒன்று இருந்தமையே அதற்குக் காரணம்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினர்க்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். ஈழத்தில் நிகழ்ந்ததை நோக்குக. பேராதனையில் தமிழ்ப் பேராசிரியராய் இருந்த க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணப் பேச்சுமொழியில் மாணவர் நடித்தற்கென்றே நாடகங்கள் எழுதினார். அவர் மாணவர் சு. வித்தியானந்தன் அவற்றை மேடையேற்றினார். பின்னர் 1960-களில் மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்திற்கு அழைத்து, மாணவர்க்குக் கூத்துப் பயிற்றுவித்து, விடிய விடிய ஆடிய கூத்தினை அரங்கிற்கேற்பச் சுருக்கினார். அம்மாணவருள் ஒருவராகிய சி. மௌனகுரு ‘இராவணேசன்’ எழுதித் தாமே இராவணனாக ஆடினார். பல பதின்ம ஆண்டுகளின் பின்னரும் அவர் அதே நாடகத்தை மட்டக்களப்பில் மீண்டும் மீண்டும் மாற்றியமைத்து இளைஞர்க்குப் பயிற்றினார். மூன்று தலைமுறை, ஒரு தமிழ்த்துறை. ஆசிரியன் எழுத மாணவன் நெறிப்படுத்தினான். அம்மாணவன் ஆசிரியனாகித் தன் மாணவனை எழுதச் செய்தான். இதற்குத் தனி நிதியோ மாளிகையோ வேண்டப்பெறவில்லை. துறைத்தலைவர் ஒருவர் நாடகம் ஆடுதலைக் கல்விக்கு இழுக்கு என்று கருதாமை வேண்டப்பெற்றது.

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் நடத்திய ‘47 பட்டறை’யும் இவ்விடத்தில் கருதத்தக்கது. 1914–15-இல் யூஜீன் ஓநீல் பேக்கரின் மாணவர். பட்டறையில் ஆடப்படும் நாடகத்தைக் காண வருவோர் தம் கருத்தை எழுத்தில் தரக் கடமைப்பட்டவர். பேக்கர் அவற்றை எழுதியோர் பெயர் நீக்கி எழுத்தாளனிடம் அளிப்பார். அவையோரும் பயிற்சியின் ஓர் உறுப்பு. நம் சபாக்களின் கோடை நாடக விழாக்களிலும் புதிய நாடகங்கள் அரங்கேறுகின்றன, நடுவர் வருகின்றனர், பரிசு அளிக்கின்றனர். தி. க. ச. உடன்பிறப்பினர் நாடகப் போட்டி வைத்துப் பரிசளித்த முறை அரு. இராமநாதனின் ‘இராஜராஜ சோழன்’ போன்ற வெற்றி நாடகத்தைத் தந்ததும் உண்மை. ஆனால் அங்குப் பரிசளித்தோரே குழுவினர். எடுத்து நடித்தற்கென்றே தேர்ந்தனர். நடுவர் மட்டும் உள்ள போட்டியில் முடிவு கிடைக்கும், திருத்தம் கிடைக்காது. தோற்ற நாடகம் ஏன் தோற்றது என்பது எழுதியவனுக்குத் தெரியாமலே போகும்.

நம் துறைகளில் முதுகலை மாணவர் நாடகம் பற்றி ஆய்வேடுகள் எழுதுகின்றனர். அவற்றுட் பல, பாத்திரப் படைப்பு, உவமை, சமுதாயச் சிந்தனை எனத் தலைப்பிட்டு அச்சுநூலையே பிழிந்து எடுப்பன. அதே உழைப்பைக் கொண்டு செய்யத்தக்க பணிகள் எத்துணையோ உள. சம்பந்தனாரின் ‘நாடகமேடை நினைவுகள்’ ஆறு பாகங்களிலும் சிதறிக் கிடக்கும் ஒத்திகைக் குறிப்புகளை நாடகவாரியாகத் தொகுத்து, அச்சான நாடகங்களோடு ஒப்பிடலாம். பட்டறைக் குழுக்களின் கையெழுத்துப் படிகள், நெறியாளரின் அடித்தலும் திருத்தலும் கூடியவை, நடித்தோர் வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. ‘ஔவை’யின் முதல் மேடையேற்றத்தில் நடித்தோரும் நெறிப்படுத்தியவரும் நம்மிடையே உள்ளபொழுதே, எக்காட்சி எதனால் எங்கு மாறிற்று என்று அவர்களைக் கேட்டு எழுதிவைத்தல் கூடும். தரமணிக்கும் ஊரப்பாக்கத்திற்கும் தாம்பரத்து மாணவன் மின்தொடர் வண்டியில் ஒரு காலைப்பொழுதிற்குள் சென்று வரலாம்.